பட்ஜெட் ஹோட்டல் அறையில் கோளாறா? வேலைப் பயணம் போகிறவர்கள் எதை முதலில் பார்க்க வேண்டும், எப்போது அறையை மாற்ற வேண்டும்

மெஷின் சர்வீஸ், இன்ஸ்டலேஷன், ஆடிட் என்று ஓசூர், பெங்களூரின் பீன்யா, புனேயின் சாக்கன், ஹைதராபாத்தின் பாலாநகர் என்று தொழிற்பேட்டைகள் பக்கம் போய்வருகிறவர்களுக்கு கம்பெனி தருகிற வாடகை வரம்பு பெரும்பாலும் பட்ஜெட் செயின் ஹோட்டலுக்குத்தான் சரியாக இருக்கும். வெளியே ஒரே பெயர்ப்பலகை. உள்ளே கட்டடம் வேறு, முதலாளி வேறு, பிளம்பர் வேறு. இந்தச் செயின்களில் பல, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த லாட்ஜோடு ஒப்பந்தம் போட்டு போர்டையும் பெட்ஷீட்டையும் மாற்றியவை. அதனால் வசதி ஊருக்கு ஊர் மாறுகிறது. கோளாறுகள் மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

எங்கள் டீமில் புதிதாகச் சேர்கிறவர்கள் ராத்திரி நேரத்தில் போன் செய்து கேட்கிற கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன். காலையில் பிளான்ட்டில் போய் நிற்க வேண்டியவருக்குத் தூக்கம் வேலையின் ஒரு பகுதி. ஆகவே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: எந்தக் கோளாறுக்கும் இருபது நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அதற்குள் சரியாகாவிட்டால் வேறு அறை கேளுங்கள்.

அறைக்குள் போனதும் பெட்டியைப் பிரிக்காதீர்கள். ஏசியைப் போடுங்கள், கீசர் ஸ்விட்சைப் போடுங்கள், குழாயைத் திறந்து பாருங்கள், ஃப்ளஷ் அழுத்துங்கள், கதவின் உள் தாழ்ப்பாளைப் போட்டு இழுத்துப் பாருங்கள், மெத்தை ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். பாத்ரூமைப் பயன்படுத்தாத அறையை ரிசப்ஷனில் உடனே மாற்றித் தருவார்கள். குளித்து, படுத்து எழுந்த பிறகு கேட்டால் அந்த அறையை அவர்கள் மறுபடி சுத்தம் செய்ய வேண்டும். அதனால் தயங்குவார்கள். பத்து மணிக்கு மேல் பல இடங்களில் மெயின்டெனன்ஸ் ஆள் வீட்டுக்குப் போயிருப்பார். கவுன்ட்டரில் ஒரே ஒரு தம்பி மட்டும் இருப்பார், அவரால் முடிந்தது சாவி மாற்றித் தருவதுதான்.

## கவுன்ட்டரில் "உங்க பேர்ல புக்கிங் இல்லையே சார்" என்றால்

பெயர் கிடைக்கவில்லை. ஆபீஸ் அட்மின் போட்ட புக்கிங் அவர் பெயரிலேயே இருக்கலாம். புக்கிங் நம்பரையும், புக் செய்தவரின் மொபைல் நம்பரையும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே முடிந்துவிடும்.

புக்கிங் இருக்கிறது, பணம் வரவில்லை என்கிறார்கள். கம்பெனியே நேரடியாகக் கட்டும் பிடிசி (பில் டு கம்பெனி) முறையில் இது அடிக்கடி வரும். ஹோட்டலுக்கு வரவேண்டிய வவுச்சர் மெயில் வந்திருக்காது. ஆபீஸ் மூடிய பிறகு அட்மினைப் பிடிப்பது கஷ்டம் என்பதால், கிளம்புகிற அன்று மதியமே வவுச்சரை உங்கள் வாட்ஸ்அப்புக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐடி ஒத்துவரவில்லை. பான் கார்டில் முகவரி இல்லை, அதனால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். டிரைவிங் லைசென்ஸ் இருந்தால் அதையே கொடுங்கள். ஆதார்தான் கொடுக்க வேண்டுமென்றால், கடைசி 4 எண்கள் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரை, ஆதார் ஆணையமான யுஐடிஏஐயின் தளத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அசலை ஜெராக்ஸ் எடுத்து மேஜைமேல் அடுக்கி வைப்பதை நான் பல கவுன்ட்டர்களில் பார்த்திருக்கிறேன்.

அறையே இல்லை என்கிறார்கள். இருக்கிற அறையைவிட அதிகமாக புக்கிங் வாங்கியிருப்பார்கள். இங்கே கவனம் தேவை. "நீங்களே ஆப்ல கேன்சல் பண்ணிடுங்க சார், பணம் வந்துடும்" என்பார்கள். செய்யாதீர்கள். நீங்கள் கேன்சல் செய்தால் கணக்கில் அது உங்கள் முடிவாகிவிடும், முழுப் பணமும் வராமல் போகலாம். கவுன்ட்டரில் நின்றபடியே ஆப்பின் ஹெல்ப்லைனை அழைத்து, போனை ரிசப்ஷன்காரரிடம் கொடுத்து, அறை இல்லை என்பதை அவர் வாயால் சொல்ல வையுங்கள். பக்கத்தில் வேறு ஹோட்டலுக்கு மாற்றச் சொல்லுங்கள். அந்த ஹோட்டல் பெயரும் வாடகையும் மெசேஜில் வந்த பிறகே வாசலை விட்டு இறங்குங்கள். அரை மணி நேரத்தில் நடக்கவில்லையென்றால் கம்பெனி டிராவல் டெஸ்க்கையோ மேலதிகாரியையோ எழுப்புங்கள். சொந்தப் பணத்தில் வேறு அறை எடுப்பதென்றால் அதற்கான ஒப்புதலை ஒரு வரி மெசேஜாக வாங்கிவிடுங்கள்.

## கதவு திறக்கவில்லை, அல்லது அறையில் கரன்ட் இல்லை

சாவிக்குப் பதிலாகத் தருகிற கார்டைக் கதவில் காட்டினால் சிவப்பு விளக்கு. தங்கலை நீட்டித்திருந்தால் இதுதான் காரணம். கார்டில் பழைய செக்-அவுட் நேரம் இருக்கும், நண்பகல் தாண்டியதும் அது செத்துவிடும். ரிசப்ஷனில் மறுபடி எழுதித் தர ஒரு நிமிடம் போதும். புதிதாக எழுதியும் திறக்கவில்லையென்றால் பூட்டுக்குள் இருக்கிற பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலான பூட்டுகளில் நான்கு பென்சில் செல்தான். ஆள் வந்து மாற்றட்டும்.

உள்ளே விளக்கே எரியவில்லை. கதவோரம் இருக்கிற பெட்டியில் கார்டைச் செருகினால்தான் கரன்ட் வரும். செருகியும் வராவிட்டால் எடுத்துத் திருப்பிப் போடுங்கள். அடுத்து, கதவுக்குப் பக்கத்திலோ அலமாரிக்குள்ளோ எம்சிபி (கோளாறு வந்தால் தானாக விழுந்து கரன்ட்டை நிறுத்தும் ஸ்விட்ச்) பெட்டி இருக்கும், ஏதாவது கீழே விழுந்திருக்கிறதா பாருங்கள். ஒருமுறை தூக்கிப் போட்டுப் பார்க்கலாம். மறுபடி விழுந்தால் தொடாதீர்கள், அது எலக்ட்ரீஷியன் வேலை.

கார்டை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனால் சார்ஜில் போட்ட லேப்டாப்பும் நின்றுவிடும். இரண்டாவது கார்டு கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

உள்தாழ்ப்பாள் விழவில்லை. இதற்கு இருபது நிமிடம்கூட வேண்டாம். உடனே வேறு அறை. தனியாகப் பயணம் போகிற பெண் ஊழியர்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்வதுண்டு.

## ஏசி ஓடுகிறது, குளிரவில்லை

ரிமோட்டைப் பாருங்கள். திரையில் பனிப்படிகம், அதாவது நட்சத்திரம் மாதிரி இருக்கிற குறி தெரிய வேண்டும். விசிறிக் குறியோ நீர்த்துளிக் குறியோ இருந்தால் வெறும் ஃபேனாகவோ ஈரம் உறிஞ்சும் நிலையிலோ ஓடுகிறது. மோட் பட்டனை அழுத்தி மாற்றுங்கள். 2020 ஜனவரிக்குப் பிறகு வந்த நட்சத்திரக் குறியிட்ட ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில்தான் தொடங்கும், குறைக்க வேண்டுமானால் நீங்கள்தான் குறைக்க வேண்டும். திரை மங்கலாக இருந்தால் பேட்டரி போயிருக்கிறது. டிவி ரிமோட்டில் இருப்பதைக் கழற்றிப் போட்டுப் பாருங்கள்.

மோட் சரி, காற்று மட்டும் வருகிறது. மூன்று நான்கு நிமிடம் பொறுங்கள். நிறுத்தி உடனே போட்டால் கம்ப்ரஸர் சில நிமிடம் காத்துத்தான் கிளம்பும். ஆன், ஆஃப் என்று அழுத்திக்கொண்டே இருந்தால் அது கிளம்பவே கிளம்பாது.

காற்றே பலவீனம். ஃபில்டரில் தூசி. முன்பக்க மூடிக்குள் மொபைல் டார்ச் அடித்தால் சாம்பல் நிறத்தில் படை தெரியும். ரூம் பாயைக் கூப்பிட்டு, கழற்றி பாத்ரூம் குழாயில் அலசிப் போடச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை, நிறைய அறைகளில் இதுவே முழுத் தீர்வு.

உள்ளே ஐஸ் கட்டியிருக்கிறது, அல்லது தண்ணீர் சொட்டுகிறது. ஐஸ் என்றால் ஃபில்டர் மொத்தமாக அடைத்திருக்கலாம், கேஸ் குறைந்திருக்கலாம். சொட்டுகிறது என்றால் வடிகுழாய் அடைப்பு. இரண்டுக்கும் மெக்கானிக் வேண்டும், ராத்திரி வர மாட்டார். அறையை மாற்றுங்கள். "கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்ற சொல்லை நம்பிப் படுத்தால் நடுராத்திரியில் எழுந்து மாற வேண்டியிருக்கும்.

சில ஹோட்டல்களில் ஏசி மொத்தமாக ஒரே இடத்திலிருந்து வரும், சுவரில் தெர்மோஸ்டாட் மட்டும் இருக்கும். அங்கே ரிசப்ஷனைக் கேட்பதுதான் முதல் படி.

## வெந்நீர் வரவில்லை

இதுதான் அதிகம் வருகிற புகார். சொல்கிறவர்களில் பெரும்பாலோர் காலையில் குளிக்கப் போகும்போதுதான் சொல்கிறார்கள். முந்தைய ராத்திரியே ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

முதல் கேள்வி, பாத்ரூமுக்குள் கீசர் தெரிகிறதா? பதிலைப் பொறுத்து வழி பிரிகிறது.

### கீசர் இருக்கிறது

சிவப்பு விளக்கு எரியவில்லை. ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளியே, சில அறைகளில் அலமாரிக்குப் பின்னால்கூட இருக்கும். மற்றதைவிடப் பெரிய ஸ்விட்ச், அதில் சின்ன விளக்கு இருக்கும். ஸ்விட்சில் விளக்கு எரிந்து கீசரில் எரியவில்லை என்றால், தண்ணீர் ஏற்கெனவே சூடாகித் தானாக நின்றிருக்கலாம். வெந்நீர்க் குழாயைத் திறந்து பாருங்கள்.

விளக்கு எரிகிறது, தண்ணீர் சூடில்லாமல் வருகிறது. 15 லிட்டர் தொட்டி, 2,000 வாட் கீசர் என்றால் நல்ல சூடாக ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் திறந்து பார்த்து இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். இருபது நிமிடம் கழித்தும் இல்லையென்றால் மிக்ஸர் கைப்பிடியை இடது கடைசிவரை திருப்புங்கள். வழக்கமாக இடது பக்கம்தான் வெந்நீர். சில இடங்களில் குழாய் மாற்றிக் கொடுத்திருப்பார்கள், வலது பக்கமும் திருப்பிப் பாருங்கள்.

வாஷ்பேசினில் சூடு, ஷவரில் இல்லை. கீசர் நன்றாக இருக்கிறது, மிக்ஸர்தான் கெட்டிருக்கிறது. கீழே பக்கெட் குழாய் இருந்தால் அதில் பிடித்துக் குளித்துவிடலாம்.

எந்தக் குழாயிலும் வெந்நீர்ப் பக்கம் தண்ணீரே வரவில்லை. கீசருக்குக் கீழே அல்லது சுவரோரம் இருக்கிற ஆங்கிள் காக் என்கிற சின்ன வால்வை யாரோ மூடியிருப்பார்கள். ஒழுகுகிறது என்று மூடியதாகவும் இருக்கலாம். ரூம் பாயைக் கேட்டுவிட்டே திறங்கள்.

ஒரு பக்கெட் வந்தது, பிறகு பச்சைத்தண்ணீர். கோளாறு இல்லை. தொட்டி அவ்வளவுதான். ஷவரைவிட பக்கெட்டில் கலந்து குளித்தால் இரண்டு பேருக்குக்கூடப் போதும்.

குழாயைத் தொட்டால் சுருக்கென்கிறது. அப்படியே விலகுங்கள். ஈரக்கையோடு எதையும் தொடாதீர்கள். வெளியே வந்து, கை துடைத்து, ஸ்விட்சை அணைத்து, ரிசப்ஷனுக்குச் சொல்லுங்கள். ஸ்விட்சை அணைத்துவிட்டுக் குளியுங்கள் என்று அவர்கள் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், எர்த் இல்லாத லைனில் வேறு எங்கிருந்தும் கரன்ட் வரலாம். அறை மாற வேண்டும். அடுத்த ஆளுக்கு அந்த அறையைக் கொடுக்க வேண்டாம் என்று மேனேஜரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள். சொல்லவேண்டிய பொறுப்பு நமக்கு இருக்கிறது.

பாத்ரூமுக்குள்ளேயே கேஸ் கீசர். பழைய கட்டடங்களில் இன்னும் உண்டு. ஜன்னல் மூடிய சின்ன பாத்ரூமில் அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை கிடையாது, தலைசுற்றி விழும்வரை தெரியாது. ஜன்னலைத் திறந்து வைத்து பக்கெட்டில் பிடித்து, கீசரை அணைத்துவிட்டுக் குளியுங்கள். ஜன்னலோ எக்ஸாஸ்ட்டோ இல்லாத பாத்ரூம் என்றால் அந்தக் கீசரைப் போடவே போடாதீர்கள்.

### கீசர் இல்லை, மாடியிலிருந்து வருகிறது

மேலே சோலாரோ ஹீட் பம்ப்போ இருக்கும். வெந்நீர் நேரம் உண்டா என்று கேளுங்கள், காலையில் சில மணி நேரம் மட்டும் விடுகிற இடங்கள் அதிகம். நேரம் சரியென்றால் வெந்நீர்க் குழாயை மட்டும் திறந்து, பக்கெட்டில் பிடித்தபடி இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். மாடியிலிருந்து உங்கள் அறைவரை குழாயில் ராத்திரி நின்ற தண்ணீர் முதலில் வெளியேற வேண்டும். மழை மூட்டமான நாட்களில் எங்கேயும் சோலார் கை கொடுக்காது. அதற்கென்று மேலே மின் ஹீட்டர் வைத்திருப்பார்கள், ஆள் போய்ப் போட வேண்டும். அதை முந்தைய ராத்திரியே நினைவூட்டுங்கள். இந்தி ஊர்களில் "கரம் பானீ நஹீ ஆ ரஹா" (வெந்நீர் வரவில்லை), "கம்ரா பதல் தீஜியே" (அறையை மாற்றிக் கொடுங்கள்) என்ற இரண்டு வாக்கியம் தெரிந்தால் வேலை நடக்கும்.

எதுவும் ஆகவில்லையென்றால் சமையலறையிலிருந்து ஒரு பக்கெட் வெந்நீர் கேளுங்கள். ரூம் பாய்கள் இதை முகம் சுளிக்காமல் செய்வதை எத்தனையோ ஊரில் பார்த்திருக்கிறேன்.

## பாத்ரூமில் சாக்கடை நாற்றம்

ரூம் ஃப்ரெஷ்னர் அடிப்பார்கள், அது பத்து நிமிடம் தாங்கும். காரணம் பெரும்பாலும் தரை வடிகாலில்தான். அந்த ஜாலிக்குக் கீழே ஒரு கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும், அதுதான் கீழேயிருந்து வரும் வாயுவை மறிக்கிறது. சில நாள் ஆள் தங்காத அறையில் அது வற்றிவிடும். இரண்டு மக்கு தண்ணீரை ஜாலியில் ஊற்றுங்கள், வாஷ்பேசினிலும் கொஞ்சம் விடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தி கதவைச் சாத்தி பதினைந்து நிமிடம் பாருங்கள். ஃபேன் ஓடினால் அதுவே வாயுவை மேலே இழுக்கும். அதன் பிறகும் நாறினால் கிண்ணம் உடைந்திருக்கிறது அல்லது லைனில் அடைப்பு. அறை மாறுங்கள்.

## வைஃபை கனெக்ட் ஆகிறது, நெட் இல்லை

லாகின் பக்கம் வரவில்லை. லேப்டாப்பில் கம்பெனி விபிஎன் தானாக ஓடுகிறதா பாருங்கள். லாகின் முடியும்வரை அதை நிறுத்த வேண்டும். போன் செட்டிங்ஸில் பிரைவேட் டிஎன்எஸ் என்பது ஆனில் இருந்தால் அதையும் அணையுங்கள். பிறகு பிரவுசரில் neverssl.com என்று அடித்தால் ஹோட்டலின் பக்கம் எட்டிப் பார்க்கும்.

ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கிறது. போன் தன் அடையாளத்தை மாற்றி மாற்றிக் காட்டுகிறது. போன் செட்டிங்ஸில் அந்த வைஃபைக்கு மட்டும் பிரைவேட் அட்ரஸ் என்பதை அணைத்துவிடுங்கள்.

மெதுவாக வருகிறது. கதவைத் திறந்து காரிடாரில் நின்று பாருங்கள். அங்கே வேகம் இருந்தால் சுவர்தான் தடை, கதவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். அங்கேயும் இல்லையென்றால் மொபைல் ஹாட்ஸ்பாட்தான். முக்கியமான மீட்டிங்குக்கு எப்போதும் அதையே முதலாக வையுங்கள்.

## உடம்பில் அரிப்பு, வரிசையாகத் தடிப்பு

கொசுவா மூட்டைப்பூச்சியா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கொசு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடிக்கும். மூட்டைப்பூச்சி கடித்த தடிப்புகள் பல நேரம் ஒரே கோடாகவோ கூட்டமாகவோ இருக்கும். பெட்ஷீட்டை மூலையில் உருவி, மெத்தையின் தையல் ஓரத்தில் டார்ச் அடியுங்கள். பேனா முனையால் வைத்தது போன்ற கறுப்புப் புள்ளிகள், காய்ந்த ரத்தக் கறை, தலைமாட்டுப் பலகையின் இடுக்கில் 5 மில்லிமீட்டர் அளவில் தட்டையான பழுப்புப் பூச்சி, இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் போதும்.

போட்டோ எடுங்கள். ஸ்ப்ரே அடிக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், இது பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்கள் பலமுறை வந்து செய்கிற வேலை. வேறு அறை கேட்கும்போது பக்கத்து அறையோ நேர் மேலோ கீழோ வேண்டாம், சுவர் இடுக்கு வழியாக அவை போகும். வேறு தளம் கேளுங்கள். முடிந்தால் வேறு ஹோட்டல். பையைக் கட்டிலில் வைக்காதீர்கள். பாத்ரூம் டைல்ஸ் பாதுகாப்பான இடம். வீட்டுக்குப் போனதும் பையை வெளியிலேயே வைத்து, துணியை நேராக வாஷிங்மெஷினில் 60 டிகிரி வெந்நீரில் போடுங்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு இதைக் கொண்டுபோகக் கூடாது.

## சத்தம்

லிஃப்ட், ஜெனரேட்டர், கல்யாண ஹால். புக் செய்யும்போதே லிஃப்ட்டுக்குத் தள்ளி, ரோட்டுப் பக்கம் இல்லாத அறை என்று எழுதிவிடுங்கள். பக்கத்து அறையில் கூச்சல் என்றால் நீங்கள் போய்க் கதவைத் தட்ட வேண்டாம், ரிசப்ஷன் சொல்லட்டும்.

## பில் அக்கவுன்ட்ஸில் திரும்பி வந்துவிட்டது

இது ஊர் திரும்பிய பிறகு தெரிகிற கோளாறு, ஆனால் சரிசெய்ய வேண்டிய இடம் கவுன்ட்டர். செக்-இன் செய்யும்போதே கம்பெனி பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். செக்-அவுட்டில் அடித்துத் தருகிற பில்லில் 15 இலக்க எண்ணை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தமிழ்நாட்டில் பதிவான கம்பெனி என்றால் 33 என்று தொடங்கும்.

பில் உங்கள் பெயரில் வந்திருக்கிறது. அங்கேயே மாற்றச் சொல்லுங்கள். ஹோட்டல் அந்த மாதக் கணக்கைத் தாக்கல் செய்த பிறகு மாற்றுவது அவர்களுக்குச் சிரமம், மெயில் போட்டுக் காத்திருக்க வேண்டிவரும்.

வரி அதிகமாகத் தெரிகிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். 2.5, 2.5 என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். பழைய 12 சதவீதம் போட்டிருந்தால் சாப்ட்வேரில் மாற்றவில்லை என்று அர்த்தம். சாப்பாட்டு பில்லில் சர்வீஸ் சார்ஜ் தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம், கேட்காமல் சேர்க்கக் கூடாது என்பது நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல்.

வெளிமாநில பில், வரியை வரவு எடுக்க (கம்பெனி கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள) முடியவில்லை என்று அக்கவுன்ட்ஸில் சொல்கிறார்கள். அறை வாடகைக்கு வரி ஹோட்டல் இருக்கிற மாநிலத்துக்குப் போகிறது. புனே அறையின் வரியை, சென்னையில் மட்டும் பதிவுள்ள கம்பெனி வரவு எடுக்க முடியாது. இது உங்கள் தவறும் இல்லை, ஹோட்டலின் தவறும் இல்லை. கம்பெனி பெயர் இருந்தால் செலவாக ஏற்றுக்கொள்வார்கள்.

ஹோட்டலுக்கு ஜிஎஸ்டி பதிவே இல்லை. ஆப் வழியாக புக் செய்திருந்தால் அந்த வரியைக் கட்ட வேண்டியது ஆப் கம்பெனி, ஆகவே பில்லை ஆப்பிடம் கேளுங்கள். அறை வாடகைக்கு ஒன்று, ஆப்பின் கட்டணத்துக்கு ஒன்று என்று இரண்டு பில் வரலாம். இரண்டையும் சேர்த்து இணையுங்கள்.

அட்வான்ஸோ கேன்சல் பணமோ வரவில்லை. ஆப்பில் புகார் எண் வாங்கி, ஒரு வாரம் பாருங்கள். நகரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனில் பதிவு செய்யுங்கள், தமிழிலும் பேசலாம். புக்கிங் மெயில், கட்டிய ரசீது, கவுன்ட்டரில் நடந்ததைச் சொல்லும் மெசேஜ் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.